வக்கீலுக்குக் காய்ச்சல்

பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பச்சை மேடம் என்று பேர். உடுப்பின் நிறத்தால் வந்த பேர் அல்ல. முதலாமாண்டுப் பிள்ளைகள் எழுதும் கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் திருத்துகிற மெஷினை உருவாக்கியவள் அவள்தான். அந்த மெஷின் சரி என்றால் பச்சை காட்டும், தப்பு என்றால் சிவப்பு காட்டும். பட்டப்பேர் வைப்பதில் மட்டும் மாணவர்கள் என்றைக்கும் சோடை போவதில்லை. வீட்டில் அவள் அண்ணி. கணவனின் தங்கை அப்படிக் கூப்பிடப் போய், மாமியாரும் கணவனும்கூட "அண்ணியைக் கேளு", "அண்ணி வரட்டும்" என்று பேசப் பழகிவிட்டார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

கம்ப்யூட்டர் துறையில் அண்ணி தற்காலிக விரிவுரையாளர். அந்தத் துறையின் அகராதியில் தற்காலிகம் என்றால் ஆறு வருஷம் என்று அர்த்தம், இன்னும் கூடலாம்.

மெஷின் வருவதற்கு முன்னால் திருத்தும் வேலை நடந்த லட்சணமே வேறு. மார்க் போட்ட மறுநாள் அறை வாசலில் கூட்டம் நிற்கும். அழுகிறவர்கள் ஒரு பக்கம், அப்பாவைக் கூட்டி வந்தவர்கள் ஒரு பக்கம், "மேடம், உங்க கிளாஸ்னா எனக்கு உயிர்" என்று ஐஸ் வைப்பவர்கள் இன்னொரு பக்கம். பக்கத்து அறை விரிவுரையாளர் எட்டிப் பார்த்து, "நமக்கு வேண்டிய பொண்ணுதான், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று காதைக் கடித்துவிட்டுப் போவார். பார்த்துப் போட்டுப் பார்த்துப் போட்டு அலுத்துத்தான், ஒரு விடுமுறை முழுக்க உட்கார்ந்து அந்த மெஷினை எழுதினாள். "மெஷினுக்கு முகம் பார்க்கத் தெரியாது" என்று ஒவ்வொரு புது வகுப்பிலும் சொல்வாள். சொல்லும்போது குரலில் ஒரு மிதப்பு இருக்கும். பட்டவள் என்பதால் அதை மன்னித்துவிடலாம்.

மெஷின் செய்கிற வேலை ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. மாணவன் தன் புரோகிராமை அனுப்புகிறான். மெஷின் அதற்குப் பத்துச் சோதனை வைக்கிறது, அதாவது பத்து விதமான கணக்கைக் கொடுத்து விடை கேட்கிறது. வந்த விடையையும் தன்னிடம் இருக்கும் விடையையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் பச்சை. போகாவிட்டால் சிவப்பு. கூடவே "வந்திருக்க வேண்டியது இது, உன்னுடையது இது" என்று இரண்டையும் காட்டிவிடும். அதைப் பார்த்துத் திருத்திக்கொண்டு, கடைசித் தேதி வரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் அனுப்பலாம். சரி, மெஷினிடம் இருக்கும் விடை எங்கிருந்து வந்தது? துறைத் தலைவர் எழுதிக் கொடுத்த மாதிரிப் புரோகிராமை ஓட்டி, அது கக்கியதை அப்படியே அள்ளி உள்ளே வைத்தாள் அண்ணி. இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். பத்துக் கணக்கையும் பென்சிலை எடுத்துக் கையால் போட்டுப் பார்க்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

தலைவர் தன் பங்குக்கு ஒரு விதி வைத்திருந்தார். பத்தும் பச்சையானால் முழு மார்க், ஒன்று சிவப்பானாலும் பூஜ்யம். "பாலம் கட்டுறவன் தொண்ணூறு சதவீதம் கட்டிட்டு, மிச்சத்துக்கு நீந்திப் போங்கன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்பார். கூட்டத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். பூஜ்யம் வாங்கியவன் அந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டான். இறுதி அசைன்மென்டில் பூஜ்யம் என்றால் அந்தப் பாடத்தில் தோல்வி. அந்தப் பாடத்தில் தோற்றவர் இரண்டாமாண்டில் காலெடுத்து வைக்க முடியாது, முதலாமாண்டையே முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இப்படிப்பட்ட துறையில்தான் அண்ணியின் நாத்தனாருக்கு இடம் கிடைத்தது. அன்றைக்கே அண்ணி வீட்டில் நிபந்தனை போட்டுவிட்டாள்.

"இங்க பாரு. காலேஜ்ல நான் உனக்கு அண்ணி இல்ல. வீட்ல நான் உனக்கு மேடம் இல்ல. அங்க நடக்கிறதை இங்க பேசக் கூடாது, இங்க நடக்கிறதை அங்க பேசக் கூடாது. மார்க் பத்தி வாயே திறக்கக் கூடாது."

"சரி அண்ணி. பஸ்?"

"ஒரே பஸ்தான். நீ முன் வாசல்ல ஏறு, நான் பின் வாசல்ல ஏறுறேன்."

"கூட்டமா இருந்து ரெண்டு பேரும் நடுவுல வந்து இடிச்சுக்கிட்டா?"

"அடுத்த பஸ்ல வா."

இப்படிக் கேட்டதற்கெல்லாம் குறுக்குக் கேள்வி போடுவதால்தான் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வக்கீல் என்று பேர். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வகுப்பே ஒரு கோட்டை அளந்து ஒரே அளவைச் சொன்னபோது இவள் மட்டும் வேறு அளவு சொன்னாளாம். டீச்சர் அடிக்க வந்தாராம். "எல்லாரும் அளந்தது ஒரே ஸ்கேல் டீச்சர், அதோட முனை தேஞ்சிருக்கு" என்று இவள் காட்ட, டீச்சருக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததாம். மாமியார் அந்தக் கதையைத் தலையில் அடித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் வந்தவர் போனவர் ஒருவரையும் விடாமல் சொல்வார்.

அந்த வருஷத்து இறுதி அசைன்மென்ட் ரேங்க் போடும் புரோகிராம். ஒரு வகுப்பின் மார்க்கை வாங்கிக்கொண்டு யார் எத்தனாவது என்று சொல்ல வேண்டும். ஒரே மார்க் எடுத்தவர்களுக்கு ஒரே இடம், அவர்கள் எத்தனை பேரோ அத்தனை இடமும் நிரம்பிவிட்டதாகக் கணக்கு. இரண்டு பேர் முதல் இடம் என்றால் அடுத்தவர் மூன்றாவது. கேள்வி அவ்வளவுதான். தலைவருக்குப் பிடித்த கேள்வி என்பதால் வருஷா வருஷம் அதேதான் வரும்.

கடைசித் தேதி முடிந்து முடிவு வந்தது. இருநூறு பேருக்கு மேல் இருந்த வகுப்பில் ஒரே ஒரு சிவப்பு. வக்கீல்.

தலைவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "பார்த்தீங்களா மேடம்? சிஸ்டம்னா இதுதான். மத்த டிபார்ட்மென்ட்காரங்களும் நம்ம மெஷினைத்தான் கேக்கிறாங்க." அண்ணியும் சிரித்து வைத்தாள். அன்று பஸ்ஸில் பின் வாசலில் ஏறிக் கம்பியைப் பிடித்தபடி முன்னால் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவே நாத்தனாரின் பின்னந்தலை தெரிந்தது. தன் மெஷின் என்று இல்லாமல் இருந்தால் ஓடிப்போய்த் தோளைத் தொட்டிருப்பாள். இப்போது அவளுக்கு வந்தது கோபம். இருநூறு பேருக்கு வராத கஷ்டம் இவளுக்கு மட்டும் என்ன? விடையைக் கண்ணெதிரே காட்டுகிறது மெஷின். அதைப் பார்த்துத் திருத்தக்கூட சோம்பேறித்தனமா?

வீட்டில் நிபந்தனை அமலில் இருந்தது. வக்கீல் எதுவும் சொல்லவில்லை, அண்ணி எதுவும் கேட்கவில்லை. சேதியை எங்கிருந்தோ பிடித்துவிட்ட மாமியாருக்குத்தான் எந்த நிபந்தனையும் கிடையாது.

"உன் கையாலதான் பூஜ்யம் போட்டியாமே?"

"நான் போடல அத்தை. மெஷின் போட்டது."

"அந்த மெஷினைச் செஞ்சது யாரு? பக்கத்து வீட்டுக்காரியா?"

கணவன் இரண்டு பேருக்கும் நடுவில் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அதில் அவனுக்கு நல்ல தேர்ச்சி. வக்கீல் பாதியில் எழுந்து கை கழுவப் போய்விட்டாள். அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அண்ணிக்கு.

மறுநாள் அறைக்குள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வக்கீலின் புரோகிராமைத் திறந்தாள். எங்கே கோட்டை விட்டாள் என்று கண்டுபிடித்து, சாயங்காலம் நிபந்தனையை மீறியாவது நாலு வார்த்தை கேட்க வேண்டும், மாமியாரின் வாயையும் அடைக்க வேண்டும். அந்த எண்ணத்தில்தான் திறந்தாள்.

புரோகிராம் கச்சிதமாக இருந்தது. எங்கும் இழுபறி இல்லை, யாரிடமிருந்தும் சுட்டது இல்லை. ஒன்பது சோதனை பச்சை. ஏழாவது மட்டும் சிவப்பு. ஏழாவது சோதனையில் மூன்று பேர் ஒரே மார்க்கில் முதல் இடம். நாலாவது ஆளுக்கு என்ன இடம்? வக்கீலின் புரோகிராம் நான்கு என்றது. மெஷின் மூன்று என்றது.

அண்ணி மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்தாள். மூன்று கோடு போட்டாள், தள்ளி ஒரு கோடு போட்டாள். எண்ணினாள். முதல் மூன்று இடமும் போய்விட்டது, அடுத்தவன் நாலாவது. இதற்குப் பென்சில்கூடத் தேவையில்லை. தலைவரின் மாதிரிப் புரோகிராமைத் தேடித் திறந்தாள். ஒரே மார்க்கில் இரண்டு பேர் இருந்தாலும் சரி, இருபது பேர் இருந்தாலும் சரி, அது ஒரே ஒரு இடத்தைத்தான் தாண்டியது. தலைவர் இரண்டு பேரை மட்டும் மனதில் வைத்து எழுதியிருக்கிறார். அதை ஓட்டி, வந்ததை அள்ளி, வேதவாக்காக உள்ளே வைத்தவள் இவள்.

அடுத்தபடி எழுந்த கேள்வி அதைவிட மோசமானது. மூன்று என்பது தப்பு என்றால், மற்ற அத்தனை பேரும் எப்படிப் பச்சை வாங்கினார்கள்?

ஒவ்வொருவரும் எத்தனை தடவை அனுப்பினார்கள், ஒவ்வொரு தடவையும் என்ன எழுதினார்கள் என்பதெல்லாம் மெஷினில் இருக்கும். ஒன்றொன்றாகத் திறந்தாள். வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் முதல் தடவை நான்கு என்றுதான் சரியாகச் சொல்லியிருந்தார்கள். சிவப்பு வந்தது. மெஷின் கேட்பது மூன்று என்று பார்த்தார்கள். சரியாக இருந்ததை எடுத்து, அடித்து நெளித்து, மூன்று வரும்படி செய்தார்கள். பச்சை வந்தது. போய்விட்டார்கள். ஒருவன் "மூன்று பேர் சமம் என்றால் விடையில் ஒன்றைக் கழி" என்று தனியாக ஒரு வரி சேர்த்திருந்தான். இன்னொருத்தி புரோகிராமின் ஓரத்தில் தனக்குத்தானே குறிப்பு எழுதி வைத்திருந்தாள்: "ஏன்னு தெரியல. ஆனா பச்சை ஆயிடுச்சு. இனிமே தொடாதே."

வக்கீல் மட்டும் தொடவே இல்லை. அதே புரோகிராமை, ஒரு எழுத்து மாற்றாமல், கடைசித் தேதி வரை திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தாள். எப்போதாவது மெஷின் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தாளோ என்னவோ.

அனுப்பியதோடு நிற்கவும் இல்லை. மெஷினில் மாணவர்களுக்கென்று ஒரு சந்தேகப் பெட்டி உண்டு. அதில் எழுதியிருந்தாள்: "ஏழாவது சோதனையின் விடை தவறு என்று நினைக்கிறேன். மூன்று பேர் முதல் இடம் என்றால் அடுத்தவர் நான்காவதுதானே?" அதற்குப் பதில் உடனே போயிருந்தது. மறுபடி எழுதியிருந்தாள், அதற்கும் உடனே போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்: "உங்கள் விடை சோதனையில் தேறவில்லை. கேள்வியை மீண்டும் கவனமாகப் படிக்கவும்." சந்தேகம் கேட்பவர்களின் தொல்லை தாங்காமல், தானாகவே போகும்படி அண்ணி எழுதி வைத்த பதில் அது. அடுத்த அறையில் படுத்திருந்த பெண், காலையில் ஒரே தண்ணீர்க் குழாயில் முகம் கழுவிய பெண், வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று உத்தரவு.

அண்ணிக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வருஷத்துக்குப் பிறகு, சுத்தமான, சாக்குப்போக்கு இல்லாத வெட்கம்.

ஏழாவது சோதனையை மெஷினிலிருந்து எடுத்துவிட்டால் போதும். எல்லாரும் பச்சை, வக்கீலும் பச்சை. அவளால் உட்கார்ந்த இடத்திலேயே செய்ய முடியும். ஆனால் யார் எதைத் தொட்டாலும் பேரோடு பதிந்து வைக்கும்படி மெஷினை எழுதியவளும் அவள்தான். நாத்தனார் தோற்றாள், அண்ணி சோதனையைத் தூக்கினாள் என்று ஊர் சிரிக்கும். நிரந்தர வேலைக்கான கமிட்டி வேறு கூடப் போகிறது. கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர். அவரிடமே போனாள்.

தலைவர் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கண்ணாடி போட்ட மேஜைமேல் இடது கையை விரித்து வைத்து விரல் விட்டு எண்ணினார். மூன்று விரலை மடக்கி, நாலாவது விரலைத் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு கையை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலுதான்," என்றார்.

அண்ணிக்கு உயிர் வந்தது. "ஏழாவது டெஸ்ட்டைத் தூக்கிடலாம் சார். யாருக்கும் மார்க் குறையாது. எல்லாரும் பாஸ்."

"எல்லாரும் இப்பவே பாஸ்தானே மேடம்? ஒருத்தரைத் தவிர."

"அந்த ஒருத்திதான் சார் சரியா எழுதியிருக்கா."

"யாரு அந்தப் பொண்ணு?"

அண்ணி சொல்ல வேண்டியதாயிற்று. தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை, நிம்மதிதான் வந்தது.

"உங்க நாத்தனாரா! அடடா. இது எனக்குத் தெரியாம போச்சே. நீங்களே யோசிங்க. ஒரு டெஸ்ட்டைத் தூக்கினா ஏன் தூக்கினோம்னு எழுதணும். எழுதினா என் விடை தப்புன்னு எழுதணும். சரி, எழுதிடலாம், நான் ஒண்ணும் சாமி இல்ல, மனுஷன்தான். ஆனா யாருக்காகத் தூக்கினீங்கன்னு கேப்பாங்களே. அப்ப உங்க பேர்தானே அடிபடும்?"

"அவளுக்காக இல்ல சார். தப்பு தப்புதானே."

"போன வருஷமும் இதே கேள்விதான். இதே ஏழாவது டெஸ்ட்தான். போன வருஷம் இதுல பூஜ்யம் வாங்கினவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியாது. ஒரு பையன் அறை வாசலில் வந்து நின்றது மட்டும் லேசாக நினைவிருந்தது. மெஷினைக் கேட்டுக்கோ என்று அனுப்பிவிட்டாள். அப்புறம் அவனைக் கண்ணால் பார்க்கவில்லை, முதலாமாண்டைத் திரும்பப் படிக்கவும் அவன் வரவில்லை.

"எனக்கும் தெரியாது," என்றார் தலைவர். "தெரியாம இருக்கிறதே நல்லது. அந்தக் குழியைத் தோண்டாதீங்க." பிறகு குரலை இறக்கி, வேண்டப்பட்டவர் பேசுகிற மாதிரி பேசினார். "அந்தப் பொண்ணு வாழ்க்கை வீணாப் போகக் கூடாது, அதுல எனக்கும் அக்கறை இருக்கு. மறுவாய்ப்பு குடுத்துடலாம். உடம்பு சரியில்லாம கடைசி நாள் அனுப்ப முடியலன்னு எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. காய்ச்சல்னு போட்டுக்கலாம். நான் கையெழுத்துப் போட்டுடறேன். இன்னிக்கே மெஷினை அவளுக்குத் திறந்து விடுங்க, மறுபடி அனுப்பட்டும். மூணு வர்ற மாதிரி மாத்திட்டு அனுப்பினா பச்சை. முடிஞ்சது. உங்க கமிட்டியும் நல்லபடியா நடக்கும்."

ஒரு வகுப்பிலேயே சரியாகச் சொன்ன ஒரே பெண்ணுக்குக் காய்ச்சல். மற்றவர்கள் எல்லாரும் பூரண குணம். அண்ணிக்குச் சிரிப்புகூட வந்தது. ஆனால் "சரி சார்" என்றுதான் சொன்னாள். சொன்ன பிறகு வராந்தாவில் நின்று, வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தாள். நிறைய இருந்தது. எல்லாமே வராந்தாவுக்குத்தான் லாயக்கு.

அன்று ராத்திரி எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது நிபந்தனை உடைந்தது. அண்ணி நடந்ததை எல்லாம் சொன்னாள், தப்பு தன் மெஷினில் என்பதையும் சொன்னாள், சந்தேகப் பெட்டியைப் பற்றியும் சொன்னாள். வக்கீலின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. வருஷத்தையே தொலைத்துவிட்டு நிற்கிற பெண்ணின் முகமாக அது இல்லை.

"அப்ப நான் சொன்னது சரிதானே அண்ணி?"

"சரிதான்."

"எனக்கு அப்பவே தெரியும்! திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒருவேளை நான்தான் கேள்வியைச் சரியாப் படிக்கலையோன்னு, பதில் வரும்போதெல்லாம் மறுபடி படிச்சேன். எனக்கே பைத்தியம் பிடிச்சிருக்குமோன்னு தோணுச்சு."

அதைக் கேட்டுவிட்டு மறுவாய்ப்பைப் பற்றிச் சொல்வது கஷ்டமாக இருந்தது. கஷ்டப்பட்டுத்தான் சொன்னாள்.

"எனக்குக் காய்ச்சல் வரலையே அண்ணி," என்றாள் வக்கீல்.

"வந்துச்சுன்னு எழுதினா வந்த மாதிரிதான்," என்றார் மாமியார். "மூணோ நாலோ, அவங்க கேக்கிறதை எழுதிக் குடுத்துட்டு வாடி. உன் சாமர்த்தியத்தை எல்லாம் அப்புறம் காட்டலாம்."

"அவங்க கேக்கிறது தப்பும்மா."

"தப்பா கேட்டா தப்பா சொல்லு. வம்பு பண்ணினா வீட்லதான் உக்காரணும். உனக்கு மட்டுமா, உன் அண்ணிக்கும் வேலை போகும்."

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். அபூர்வமாகத்தான் தூக்குவான். "எல்லாரும் மூணுன்னு எழுதிட்டு ஜம்முனு அடுத்த வருஷம் போறாங்க. நீ மட்டும் ஒத்தைக் கால்ல நின்னு என்னத்தைக் கண்டே? ஒரு நம்பர்தானே?"

வீட்டில் யாராவது ஒருவர் தன் பக்கம் இருக்க வேண்டும் என்றால் அது யார் என்று வக்கீலுக்குத் தெரிந்திருந்தது. நேராக அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணி. நீங்க சொன்னா மாத்திடறேன். மூணு பேர் முதல் இடம் வந்தா, அடுத்தவர் எத்தனாவது?"

தெரியாத கேள்வி இல்லை. அன்று காலையில்தான் பென்சிலால் போட்டுப் பார்த்திருந்தாள். நான்கு என்று சொல்லிவிட்டு அடுத்த நாள் தலைவர் முன்னால் போய் நின்றிருக்கலாம். வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். ஆறு வருஷத் தற்காலிகம் குறுக்கே வந்து நின்றது. மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணாவது," என்றாள் அண்ணி.

வக்கீல் சரி என்று தலையாட்டினாள். லேப்டாப்பை எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையிலேயே வைத்து, எல்லார் முன்னிலையிலும் மாற்றி அனுப்பினாள். பத்தும் பச்சை. மாமியார் அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தார். அந்த நெற்றி சுடவில்லை.

அதற்கப்புறம் எல்லாருக்கும் நல்லதே நடந்தது. கமிட்டி கூடியது, அண்ணியின் வேலை நிரந்தரமானது. மெஷினை மற்ற துறைகளும் வாங்கிக்கொண்டன. தலைவர் அதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசி ஏகப்பட்ட கைதட்டல் வாங்கினார். ரேங்க் கேள்வி சத்தமில்லாமல் மாற்றப்பட்டது. வக்கீல் இரண்டாமாண்டுக்குப் போனாள். அண்ணியும் அவளும் இப்போது பஸ்ஸில் ஒரே வாசலில் ஏறுகிறார்கள். பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போகிறார்கள். வக்கீல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவாள்.

வீட்டில் குறுக்குக் கேள்விகள் நின்றுவிட்டன. யார் எது சொன்னாலும் "சரி" என்றாள். முதலில் மாமியாருக்குச் சந்தோஷம். "பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு" என்று பெருமைப்பட்டார். வக்கீல் என்று கூப்பிடுவது மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் யாருமே அப்படிக் கூப்பிடவில்லை. ஸ்கேல் கதையையும் மாமியார் சொல்வதில்லை. அண்ணிக்கு மட்டும் இது பொறுப்பாகத் தெரியவில்லை. எந்நேரமும் அரித்துக்கொண்டே இருந்தது.

பொறுக்க முடியாமல் ஒரு காரியம் செய்தாள். இரண்டாமாண்டுக்கு ஒரு பயிற்சிக் கேள்வி போட வேண்டியிருந்தது. மார்க் கிடையாது, வெறும் பயிற்சி. எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லும் சின்னப் புரோகிராம். வேண்டுமென்றே மெஷினுக்குள் பிப்ரவரிக்கு முப்பது நாள் என்று விடை வைத்தாள். பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும் தப்பு. சந்தேகப் பெட்டியின் தானியங்கிப் பதிலை எடுத்துவிட்டாள். இந்தத் தடவை எது வந்தாலும் தானே படித்து, தானே பதில் எழுதுவதாக முடிவு செய்துகொண்டாள். என்ன எழுதுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தாள்: நீ சொன்னதுதான் சரி, நான் சொன்னது தப்பு, அன்றைக்கும்தான்.

நாள் முழுக்கப் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கடைசித் தேதி வரைக்கும் ஒன்றும் வரவில்லை. வகுப்பு மொத்தமும் பச்சை. எல்லாருக்கும் பிப்ரவரியில் முப்பது நாள். முதல் ஆளாகப் பச்சை வாங்கியது யார் என்று பார்த்தாள். நாத்தனார்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பிப்ரவரிக்கு எத்தனை நாள்?"

அந்தப் பெண் மடிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"வீட்லயா அண்ணி, காலேஜ்லயா?"

கேலியாகக் கேட்டிருந்தால் அண்ணிக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.